விதையைச் சோதிக்கிறோம், வணிக மென்பொருளை?

தாமிரவருணிப் பாசனத்தில் பிசானத்துக்கு நாற்றங்கால் விடுவதற்கு முன்னர் அனுபவமுள்ள உழவர்கள் செய்யும் சிறு காரியம் ஒன்று உண்டு. விதைநெல் மூட்டையிலிருந்து நூறு மணிகளை எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் மடித்து வைப்பார்கள். சில நாள்கள் கழித்துப் பிரித்து, எத்தனை மணிகள் முளைவிட்டிருக்கின்றன என்று எண்ணுவார்கள். கடையில் வாங்கிய சான்று விதை என்றால் மூட்டையில் நீல நிற அட்டை தைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சான்று பெற்ற நெல் விதையின் முளைப்புத் திறன் 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி.

சில ஆயிரம் ரூபாய் விதைக்கு இத்தனை எச்சரிக்கை. அதே குடும்பத்துப் பிள்ளைகள் இன்று, 'தினமும் சந்தையில் சம்பாதித்துத் தரும்' என்று விளம்பரம் செய்யப்படும் மென்பொருள்களுக்கும் வணிக முறைகளுக்கும் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று எந்தச் சோதனையும் இல்லாமல் கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

அண்மையில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். கையில் வண்ணத் துண்டறிக்கை ஒன்று இருந்தது. "83 விழுக்காடு வெற்றி, மாதம் 10 விழுக்காடு வருமானம், விலை ரூ.75,000" என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. "சார், இதை வாங்கலாமா?" என்று கேட்டார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, மனைவியின் நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

நான் பங்குச் சந்தை வணிகன் அல்லன். ஆனால், பொருளாதார அளவையியலைப் பல்லாண்டு கற்பித்தவன் என்ற முறையில், ஒரு கூற்றை நம்புவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பது ஓரளவு தெரியும். அவருக்குச் சொன்னதை இங்கே பொதுவில் வைப்பது பயன்தரும் என்று கருதுகிறேன்.

சந்தை சொல்லும் கணக்கு

முதலில், நாம் இறங்க நினைக்கும் ஆற்றின் ஆழத்தை அறிய வேண்டும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் முன்பேர, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் ('எஃப் அண்ட் ஓ') ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டம் அடைந்தனர். சராசரி நஷ்டம் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு விழுக்காட்டினரே. 2025 ஜூலையில் வெளியான அடுத்த ஆய்வும், 2024-25இல் 91 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டதாகவும் மொத்த நஷ்டம் 1.05 லட்சம் கோடியாக உயர்ந்ததாகவும் கூறுகிறது.

பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்கும் 'இன்ட்ராடே' வணிகத்தின் நிலை சற்று மேல் என்றாலும், மகிழத்தக்கதாக இல்லை. 2022-23இல் இதில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் இழந்தனர். ஆண்டுக்கு ஐந்நூறு முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் எண்பது விழுக்காட்டினர் இழந்தனர். பழகப் பழகத் திறமை வரும் என்ற நம்பிக்கையை இந்தப் புள்ளிவிவரம் ஆதரிக்கவில்லை. பிரேசில் நாட்டில் பங்குக் குறியீட்டு முன்பேர ஒப்பந்தங்களில் 300 நாள்களுக்கு மேல் விடாமல் நாள் வணிகம் செய்தவர்களைப் பற்றிய ஆய்வில், அவர்களில் 97 விழுக்காட்டினர் பணம் இழந்தது தெரியவந்தது.

செபியின் 2024 ஆய்வில் நம் பகுதியினர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன. 2023-24இல் 'எஃப் அண்ட் ஓ' வணிகம் செய்த தனிநபர்களில் 72 விழுக்காட்டினர் நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே, அதாவது திருநெல்வேலி போன்ற ஊர்களில் இருப்பவர்கள். நான்கில் மூவர் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்று தெரிவித்தவர்கள். முப்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக ஏறியது.

அப்படியானால் லாபம் யாருக்குப் போயிற்று? அதே ஆண்டில் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வணிகம் ஏறத்தாழ ரூ.33,000 கோடியும், அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் ரூ.28,000 கோடியும் மொத்த லாபம் ஈட்டினர். அந்த லாபத்தில் 96 முதல் 97 விழுக்காடு கணினி வழித் தானியங்கி வணிகத்தால் வந்தது. விற்பனையாளர்கள் இந்தச் செய்தியையே தமக்குச் சாதகமாகக் காட்டி, "பெரிய நிறுவனங்கள் எல்லாம் அல்கோவில்தான் சம்பாதிக்கின்றன, நீங்களும் வாங்குங்கள்" என்பார்கள். அந்த நிறுவனங்களின் கணினிகள் பங்குச் சந்தையின் தரவு மையத்துக்குள்ளேயே நிறுவப்பட்டவை. அவற்றின் பின்னால் கணித வல்லுநர்களும் பெருமூலதனமும் உள்ளன. 75,000 ரூபாய்க்கு நமக்கு விற்கப்படும் மென்பொருள் அந்தக் கணினிகளுக்கு எதிரே நின்று ஆட வேண்டும்.

லாபப் பட்டியல் எப்படி உருவாகிறது?

வணிக முறையை விற்பவர்கள் முதலில் காட்டுவது 'பேக்டெஸ்ட்' எனப்படும் கடந்தகாலச் சோதனை. ஒரு விதியைப் பழைய விலைகளின்மீது ஓட்டிப் பார்த்து, 'இதைப் பின்பற்றியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும்' என்று காட்டுவது. இது பயனுள்ள கருவிதான். ஏமாற்று வேலைக்கும் இதைவிட வாய்ப்பான கருவி இல்லை.

ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டினால், ஒருவருக்குப் பத்து முறையும் தலையே விழும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. அவரிடம் நாணயம் சுண்டும் திறமை எதுவும் இல்லை. அதுபோல ஆயிரம் விதிகளைப் பழைய விலைகளின்மீது ஓட்டினால், ஒன்றிரண்டு தற்செயலாகவே அமோக லாபம் காட்டும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து அச்சிட்டு, மீதமுள்ளவற்றை மறைத்துவிட்டால் துண்டறிக்கை தயார். ஆராய்ச்சி மாணவர்கள் மாறிகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தமக்கு வேண்டிய முடிவைப் பெற்றுவிட்டு, மகிழ்ச்சியோடு என் முன் வந்து நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 'எத்தனை சமன்பாடுகளை முயன்றீர்கள்?' என்று கேட்டால்தான் முகம் மாறும். மென்பொருள் விற்பவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

எந்த ஆண்டுகளின் விலைகளில் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். மழை குறைந்த சில ஆண்டுகளின் நீர்மட்டத்தை மட்டும் வைத்துத் தாமிரவருணிக்குக் குறுக்கே பாலம் கட்டினால் என்ன ஆகும் என்பதை 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் கண்ட நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சந்தையிலும் அத்தகைய நாள்கள் உண்டு. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட 2024 ஜூன் 4 அன்று ஏறத்தாழ 6 விழுக்காடு சரிந்தது. அந்த நாள்களில் இந்த முறை என்ன செய்தது என்று கேட்டுப் பதில் பெறாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

இன்னொரு பழைய உத்தி உண்டு. 1,024 பேரில் பாதிப் பேருக்கு 'நாளை சந்தை ஏறும்' என்றும், மீதிப் பேருக்கு 'இறங்கும்' என்றும் செய்தி அனுப்புவார்கள். பலித்த 512 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுநாளும் அப்படியே செய்வார்கள். ஐந்தாம் நாள் முடிவில் 32 பேர், ஐந்து கணிப்பும் பிசகாமல் பலித்த அதிசயத்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள். அவர்களிடம் பணம் கேட்பது எளிது. ஏமாந்த மற்ற 992 பேர் ஒருவரையொருவர் அறியார்.

வெற்றி விழுக்காடும் செலவும்

'83 விழுக்காடு வெற்றி' என்பது காதுக்கு இனிமையானது, கணக்குக்குப் போதாதது. நூறு வணிகங்களில் தொண்ணூற்றில் தலா 500 ரூபாய் லாபம் என்றால் வரவு 45,000 ரூபாய். மீதிப் பத்தில் தலா 6,000 ரூபாய் நஷ்டம் என்றால் இழப்பு 60,000 ரூபாய். தொண்ணூறு விழுக்காடு வென்றும் கையில் 15,000 ரூபாய் குறைகிறது. ஆகவே, எத்தனை முறை வென்றீர்கள் என்பதோடு, வென்றபோது சராசரியாக எவ்வளவு, தோற்றபோது எவ்வளவு, தொடர்ந்து தோற்ற காலத்தில் முதல் அதிகபட்சம் எவ்வளவு கரைந்தது என்றும் கேட்க வேண்டும். முதலில் பாதி கரைந்தால், பழைய இடத்துக்குத் திரும்ப மீதமுள்ள பணம் இரட்டிப்பாக வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது செலவு. ஓர் உத்தரவுக்கு 20 ரூபாய் தரகு என்று வைத்துக்கொள்வோம். வாங்கவும் விற்கவுமாக 40 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 47 ரூபாய் 20 காசு. நாளுக்கு ஐந்து முறை, ஆண்டுக்கு 240 நாள்கள் என்றால் 1,200 வணிகங்கள்; செலவு 56,640 ரூபாய். ஒரு லட்சம் ரூபாய் முதல் போட்டவர், ஒரு காசு லாபம் பார்ப்பதற்கு முன்னரே 56 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டியாக வேண்டும். பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம் ஆகியவை இதில் சேரவில்லை. திரையில் தெரிந்த விலைக்கும் நமக்குக் கிடைத்த விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடும் சேரவில்லை. பெரும்பாலான துண்டறிக்கைகளில் காட்டப்படும் லாபம் இவற்றைக் கழிக்காத லாபம்.

'மாதம் 10 விழுக்காடு' என்ற வாக்குறுதியைப் பள்ளிப் பிள்ளையின் கூட்டுவட்டிக் கணக்கே சோதித்துவிடும். ஒரு லட்சம் ரூபாய் மாதம் 10 விழுக்காடு வளர்ந்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 3 கோடி. பத்தாண்டில் 927 கோடி. இத்தகைய விதியைக் கையில் வைத்திருப்பவர் விடுதி அரங்கை வாடகைக்கு எடுத்து, அதை 75,000 ரூபாய்க்குக் கூவி விற்க வேண்டிய தேவை என்ன? லாபம் தரும் விதி ஒன்று உண்மையிலேயே இருந்தாலும், ஆயிரம் பேர் அதை ஒரே நேரத்தில் பின்பற்றத் தொடங்கினால் அந்த லாபம் கரைந்துவிடும் என்பது பொருளியலின் பாலபாடம். விற்பவரின் வருமானம் சந்தையிலிருந்து வருகிறதா, வாங்குபவரிடமிருந்து வருகிறதா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி.

இது வெறும் ஐயம் அன்று. சமூக ஊடகத்தில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பயிற்சி வகுப்புகளை விற்றுவந்த முகமது நசிருதீன் அன்சாரி தொடர்பாக 2023 அக்டோபரில் செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. பதிவு பெறாத ஆலோசனை மூலம் திரட்டியதாகக் கூறப்பட்ட 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் செலுத்துமாறு உத்தரவிட்டது. மாணவர்களுக்குப் பெரும் லாபத்தைச் சுட்டிக்காட்டிய அவருடைய சொந்த வணிகத்தில், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரையில் 2.89 கோடி ரூபாய் நிகர நஷ்டம் என்று அந்த ஆணையில் குறிப்பிடப்பட்டது. தமிழ்நாட்டிலும், யூடியூப் வழியே பரவலாக அறியப்பட்ட சென்னையைச் சேர்ந்த பி.ஆர்.சுந்தரும் அவரது நிறுவனமும், பதிவு இல்லாமல் முதலீட்டு ஆலோசனை வழங்கியதான விவகாரத்தில், குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், 2023 மே மாதம் செபியுடன் சமரசம் செய்துகொண்டனர். 6 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிச் செலுத்தவும் ஓராண்டு சந்தையில் வணிகம் செய்யாதிருக்கவும் ஒப்புக்கொண்டனர். பின்தொடர்வோரின் எண்ணிக்கை சட்டப்படியான பதிவுக்கு ஈடாகாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

சட்டம் தரும் நீல அட்டை

விதைக்கு உள்ளது போன்ற அட்டை இத்துறையிலும் உண்டு. கட்டணம் பெற்று ஆலோசனை தருபவர் செபியில் முதலீட்டு ஆலோசகராகவோ ஆராய்ச்சிப் பகுப்பாய்வாளராகவோ பதிவு செய்திருக்க வேண்டும். முன்னவரின் பதிவு எண் 'ஐஎன்ஏ' என்றும், பின்னவரின் எண் 'ஐஎன்ஹெச்' என்றும் தொடங்கும். எண்ணைத் துண்டறிக்கையில் பார்த்தால் போதாது. செபியின் இணையதளத்தில் தேடி, பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறருடைய எண்ணைத் தம்முடையது போலக் காட்டுவோரும் உண்டு.

தானியங்கி முறைகளை வழங்கும் தரகு நிறுவனங்கள், அவற்றின் கடந்தகால லாபத்தையோ எதிர்பார்க்கும் லாபத்தையோ விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி தடை விதித்தது. அப்படி விளம்பரம் செய்யும் தளங்களோடு அவை தொடர்பு வைத்துக்கொள்ளவும் கூடாது. 'நாங்கள் ஆலோசகர்கள் அல்லர், பயிற்சிதான் அளிக்கிறோம்' என்பவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைப் பாடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் வெளியான சுற்றறிக்கையின்படி, சிறு முதலீட்டாளர்களுக்கு வழங்கப்படும் தானியங்கி முறைகள் தரகு நிறுவனத்தின் வழியாகப் பங்குச் சந்தையில் பதிவு செய்யப்பட்டு, தனி அடையாள எண் பெற வேண்டும். உள்ளே இருக்கும் விதியை வெளியிடாத 'கறுப்புப் பெட்டி' வகை என்றால், அதை வழங்குபவர் பதிவு பெற்ற ஆராய்ச்சிப் பகுப்பாய்வாளராக இருந்தாக வேண்டும். ஆக, 'மாதம் 10 விழுக்காடு உறுதி' என்று ஒருவர் அச்சிட்டிருந்தால், அந்த ஒற்றை வரியே அவர் விதிகளை மதிக்காதவர் என்பதற்குப் போதிய சான்று.

ஒன்றை மறக்கக் கூடாது. பதிவு என்பது விற்பவர் யார், தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதற்கான உறுதி. லாபத்துக்கான உறுதியை எந்த அரசு அமைப்பும் தருவதில்லை.

நாற்பது நாள் ஈரச் சாக்கு

மாணவரிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். செபி பதிவு எண் என்ன? உங்கள் சொந்தப் பணத்தில் இந்த முறையை நடத்திய மூன்றாண்டு ஒப்பந்தச் சீட்டுகளையும், வருமான வரிக் கணக்கில் காட்டிய லாபத்தையும் பார்க்கலாமா? காட்டிய லாபத்தில் எல்லாச் செலவும் கழிக்கப்பட்டுள்ளதா? மிகப் பெரிய இறக்கம் எவ்வளவு? எத்தனை விதிகளைச் சோதித்து இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, எழுத்தில் தருவீர்களா?

பதிவு எண் 'விண்ணப்பத்தில் இருக்கிறது' என்றார்களாம். ஒப்பந்தச் சீட்டுக்குப் பதிலாகக் கைப்பேசித் திரைப்படங்கள் வந்தன. அவற்றை யாரும் ஐந்து நிமிடத்தில் தயாரிக்கலாம். மற்றக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. 'இன்று மாலைக்குள் கட்டினால் பாதி விலை' என்ற சலுகை மட்டும் வந்தது.

இருந்தும் அவர் மனம் ஆறவில்லை. முன்னோட்டமாக அவர்கள் இலவசமாக அனுப்பிவந்த வாங்கல், விற்றல் குறிப்புகளைப் பணம் போடாமல் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னேன். குறிப்பு வந்த நேரம், அப்போது உண்மையில் கிடைத்த விலை, வெளியேறிய விலை ஆகியவற்றை அன்றன்றே பேனாவால் எழுத வேண்டும். பின்னர் திருத்தக் கூடாது. இதுவே நம் ஈரச் சாக்கு.

நாற்பது சந்தை நாள்களில் 120 வணிகங்கள். 84 வெற்றி, அதாவது 70 விழுக்காடு. லாபங்களின் கூட்டுத்தொகை 21,000 ரூபாய். நஷ்டங்களின் கூட்டுத்தொகை 17,850 ரூபாய். மிச்சம் 3,150. அதில் தரகும் ஜிஎஸ்டியுமாக 5,664 ரூபாயைக் கழித்தால் 2,514 ரூபாய் நஷ்டம். மற்ற வரிகளைக் கணக்கிடவே இல்லை.

நோட்டை மூடிவிட்டு அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "சார், நாற்பது நாளை வைத்து இந்த முறை தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியுமா?" முடியாது. நாற்பது நாள் சிறு மாதிரிதான். அடுத்த நாற்பது நாள்கள் லாபம் காட்டவும் கூடும். ஆனால், மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்குபவரிடம் இல்லை, விற்பவரிடம் இருக்கிறது. முளைக்காத விதை என்று நாம் நிறுவ வேண்டியதில்லை. முளைக்கும் என்று அவர்கள் நிறுவவில்லை என்பதே நகையை அடகு வைக்காமல் இருக்கப் போதுமான காரணம்.

அவர் வாங்கவில்லை. அவரைப் போல யோசிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஓய்வூதியப் பலன் வந்த கையோடு அழைப்பு வருகிறது. வேலை தேடும் இளைஞனின் கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த மாநிலம் இது. அன்று சீட்டு வாங்கியவருக்கு அது அதிர்ஷ்டம் என்றாவது தெரிந்திருந்தது; இன்று அதே சூதாட்டம் அறிவியலின் பெயரால் விற்கப்படும்போது வாங்குபவருக்கு அதுவும் தெரிவதில்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டாம். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் முறையிடலாம். போலிச் செயலியோ இணைய மோசடியோ என்றால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். எவரிடமும் டீமேட் கணக்கின் கடவுச்சொல்லையோ ஓடிபி எண்ணையோ கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை; ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கல்லூரிகள் ஆண்டுக்கொரு முறையேனும் இந்தக் கணக்கை, இறுதியாண்டு மாணவர்களுக்குப் பாடத்திட்டத்துக்கு வெளியேயாவது போட்டுக் காட்டலாம். ஒரு மணி நேரமும் ஒரு கரும்பலகையும் போதும். நூறு நெல்மணிகளை எண்ணி எடுத்துச் சோதித்த நம் முன்னோர் எவரும் புள்ளியியல் படித்தவர்கள் அல்லர்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி.